வராத கடைசி மூச்சு

செம்பக்கா என்பது அவளுடைய பெயர் அல்ல. பன்னிரண்டு வருடம் செம்புக் கம்பி மோடங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, போன திங்கட்கிழமைதான் ஃபைபர் என்கிற கண்ணாடி இழைப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தவளுக்கு அங்கிருந்த சிறுசுகள் வைத்த பட்டம். நெட் கம்பெனி ஹெல்ப்லைன் ஆபீஸில் பட்டம் கிடைக்க ஒரு வாரமெல்லாம் தேவையில்லை, முதல் டீ ஆறுவதற்குள் கிடைத்துவிடும். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "செம்பு நெளிஞ்சாலும் செம்புதான். கண்ணாடி கீழ விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க" என்று ஒரு போடு போட்டுவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை பத்து முப்பத்தைந்துக்கு அந்த அழைப்பு வந்தது.

"ஹலோ! நெட்டு வரலை!" என்று ஒரு பெரியவர் அலறினார்.

"ஐயா, மெதுவாச் சொல்லுங்க. எனக்கு நல்லாக் கேக்குது."

"உனக்குக் கேக்கும்மா. எனக்குத்தான் கேக்காது. நாப்பது வருஷம் லேத்து மிஷின்கிட்ட நின்ன காது. காதுல ஒரு கருவி மாட்டியிருக்கேன், அது ஃபோன் பக்கத்துல வந்தா விசிலடிக்குது. கழட்டி வச்சுட்டுத்தான் பேசுறேன். நீ கத்தியே பேசு."

அவள் கத்தினாள். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். பெரியவர் விஷயத்தைச் சொன்னார். உள் அறையில் மனைவி படுத்திருக்கிறாள். நுரையீரல் கெட்டுப்போய் ஆறு மாதமாக ஆக்சிஜன் மிஷினோடுதான் வாழ்க்கை. பதினோரு மணிக்கு டாக்டர் வீடியோவில் வந்து பார்ப்பார். மருமகள் எல்லாவற்றையும் தயார் செய்துவைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். இப்போது பார்த்தால் நெட் இல்லை.

"ராத்திரி பூரா அவ தூங்கலை. இப்பத்தான் கண்ணசந்தா. டாக்டர் பார்த்து மிஷின் அளவைக் கூட்டணுமா, குறைக்கணுமான்னு சொல்லணும். போன மாசம் கரண்ட் போய் அஞ்சு நிமிஷம் மிஷின் நின்னதுக்கே உதடெல்லாம் நீலமாயிடுச்சும்மா. சிலிண்டரை மாட்டுறதுக்குள்ள எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

அவர் பேசும்போது பின்னால் அந்த மிஷின் கேட்டுக்கொண்டே இருந்தது. புஸ்... டக். புஸ்... டக். செம்பக்காவுக்கு அது எரிச்சலாக இருந்தது என்பதை மறைப்பானேன். லைனில் இரைச்சல் இருந்தால் அவளுக்கு ஆகாது. செம்புப் பிரிவின் பழக்கம் அது. அங்கே இரைச்சல் என்றால் எங்கோ கம்பி நனைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"சரிங்க ஐயா. மோடம் எங்கே இருக்கு?"

"டிவிக்குக் கீழே. மூணு இருக்கு. எதைக் கேக்குற?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும். பச்சை விளக்கு மினுக்குகிற எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நம் மக்கள் மோடம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மோடத்துக்கு மோடம் குணம் வேறு. டிவி கேபிளில் வருகிற மோடம் கூட்டுக் குடும்பத்துக் குளியலறை மாதிரி. தெருவே அதைப் பங்குபோட்டுக்கொள்ளும், சாயங்காலமானால் நெரிசல். சிம் கார்டு போட்ட மோடம் புது மாப்பிள்ளை. ஜன்னலோரம் உட்காரவைத்தால்தான் பேசுவார். செம்புக் கம்பி மோடம் டெலிஃபோன் கம்பியில் ஒண்டிக் குடியிருக்கும். பேச்சு ஒரு பக்கம், நெட் ஒரு பக்கம். மோடத்தைத் தூக்கிக் கிணற்றில் போட்டாலும் டெலிஃபோன் பாட்டுக்கு வேலை செய்யும், அதற்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பியிலேயே வந்துவிடும். கண்ணாடி இழை அப்படி இல்லை. அதில் வருவது வெறும் வெளிச்சம். பேச்சும் நெட்டும் அந்த ஒரே வெளிச்சத்தில் வரிசை வரிசையாக வந்து மோடத்துக்குள் பிரிகின்றன. ஒரு வரிசை அடைத்துக்கொண்டாலும் மற்றது ஓடும். ஆனால் மோடத்தை அணைத்தால் நெட்டும் ஊமை, டெலிஃபோனும் ஊமை.

இதெல்லாம் செம்பக்காவுக்குத் தெரியும். திங்கட்கிழமை வகுப்பில் நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைத்திருந்தாள். தெரிவது ஒன்று, கைக்கு வருவது வேறொன்று.

"பின்னாடி வர்ற ஒயர் எப்படி இருக்குங்க? டெலிஃபோன் ஒயரா, டிவி கேபிள் மாதிரி தடியா, இல்ல நூல் மாதிரி மெல்லிசா?"

"மூணும் இருக்கும்மா. உங்க ஆளுங்க புதுசை மாட்டினாங்களே தவிர, பழசை எடுத்துட்டா போனாங்க?"

திரையின் மூலையில் நேரம் சிவப்பாக மாறியது. ஒரு அழைப்புக்கு ஆறு நிமிடம்தான் கணக்கு. பின்னால் டீம் லீடர் நடந்துபோகிற சத்தம் கேட்டது. அவனுக்கும் ஒரு பட்டம் உண்டு: ஸ்டாப்வாட்ச்.

"ஐயா, பெட்டியை விடுங்க. மோடத்துக்குப் போற சுவிட்ச் எதுன்னு தெரியுமா?"

"தெரியுமே! மருமக ஒவ்வொரு சுவிட்ச் மேலயும் பேர் எழுதி ஒட்டி வச்சிருக்கா. மூணாவதுல மோடம்னு எழுதியிருக்கு."

நல்ல மருமகள் என்று செம்பக்கா மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். "ரொம்ப நல்லதாப் போச்சு. போய் அதை ஆஃப் பண்ணிட்டு வாங்க."

ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம். செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிற சத்தம். புஸ்... டக். புஸ்... டக். ஒரு சுவிட்ச் சொடுக்கு. மெல்லிசாக மூன்று பீப். யு.பி.எஸ். கத்துகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள், ஒரு நாளைக்கு முப்பது வீட்டில் கேட்கிற சத்தம்தான். அதன்பிறகு லைன் சுத்தமாக, துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஆஃப் பண்ணிட்டேன்மா. சுவிட்ச்ல சிவப்பு லைட் அணைஞ்சிடுச்சு."

"பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. ஃபோன் அடிச்சாலும் எடுக்காதீங்க. நடுவுல எடுத்தா லைன் கெட்டுடும்."

"எடுக்கமாட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கேன்."

அவர் ரிசீவரை வைத்தார். மணி பத்து நாற்பத்திரண்டு.

புகாரை முடித்துவைக்க ஒரு படிவம் உண்டு. பெயர், எண், குறை, எடுத்த நடவடிக்கை என்று வரிசையாக நிரப்பிக்கொண்டே வந்தாள். கடைசிக் கட்டத்தில் 'கடைசி மூச்சு – நேரம்' என்றிருந்தது. கண்ணாடிப் பிரிவுக்காரர்களின் பேச்சு அது. மின்சாரம் நின்றதும் மோடத்துக்குள் ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு மிச்சம் கொஞ்சம் இருக்குமாம். அதை வைத்துக்கொண்டு 'நான் போகிறேன்' என்று கம்பெனிக்கு ஒரே ஒரு சேதி அனுப்பிவிட்டுத்தான் அணையும். சேதி வந்தால் யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள். வராமல் மோடம் காணாமல்போனால் எங்கோ இழை அறுந்திருக்கிறது. திரையில் தானாக வந்து விழவேண்டிய நேரம் அது.

கட்டம் காலியாக இருந்தது.

திரையைப் புதுப்பித்தாள். காலி. பெரியவர் வீட்டு மோடத்தின் பக்கத்தைத் திறந்தாள். பச்சைப் புள்ளி. அந்த மோடம் உயிரோடு, நெட் வரிசை மட்டும் அடைபட்டு, பதினேழு நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னது.

அணைத்துவிட்டேன் என்றாரே. சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது என்றாரே.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அணைத்துவிட்டு வந்து அவர் பேசினார். அதே டெலிஃபோனில் பேசினார். செம்பில் அது சர்வ சாதாரணம். பன்னிரண்டு வருடமாக அணைத்துவிட்டு வந்து பேசுகிறவர்களோடுதான் அவள் பேசியிருக்கிறாள். ஆனால் கண்ணாடியில் மோடத்தை அணைத்த நொடியே அவர் குரல் அறுந்திருக்கவேண்டும். அறுந்தது வேறொன்று. அந்தப் புஸ்... டக்.

மணி பத்து நாற்பத்தைந்து.

ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டு ஸ்டாப்வாட்சின் மேசைக்கு ஓடினாள். அவர்கள் மேசையிலிருந்து வெளியே ஃபோன் போட முடியாது. அதற்கு டீம் லீடரின் ரகசிய எண் வேண்டும். சொந்த மொபைல் எல்லாம் வாசலிலேயே பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன.

"அக்கா, மூணு நிமிஷமா கால் எடுக்காம உங்க ஸ்டேட்டஸ்..."

"ஸ்டேட்டஸ் நாசமாப் போக! ஒரு பொம்பளையோட ஆக்சிஜன் மிஷினை நான் ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. யாருக்குத்தான் புரியும்? அவள் அவன் கணினியிலேயே அழைப்பின் பதிவைத் தேடினாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள், எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தாள். மூன்றாவது முறை பதிவு ஓடியது. செருப்பு தேய்கிற சத்தம். புஸ்... டக். புஸ்... டக். சொடுக்கு. பீப், பீப், பீப். பிறகு ஒன்றுமில்லை.

ஸ்டாப்வாட்ச் கெட்டவன் இல்லை. அவன் முகம் வெளுத்துப்போயிற்று. ரகசிய எண்ணை அடித்தபடியே கேட்டான். "அக்கா, கண்ணாடி மோடத்துக்கு நம்ம திரையிலயே ரீஸ்டார்ட் பட்டன் இருக்கே. அவரை எதுக்கு ஆஃப் பண்ணச் சொன்னீங்க?"

பட்டன் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு எழுதியும் இருந்தது. செம்பில் அந்த வசதி கிடையாது, அதனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது. பழக்க தோஷம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அங்கே ஒருத்தி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது அந்த வார்த்தை எவ்வளவு கேவலமாக இருக்கிறது!

"நீங்க பக்கத்து மேசையில போய் ஆம்புலன்ஸுக்குப் போடுங்க. விலாசம் திரையில இருக்கு" என்றாள். மணி பத்து நாற்பத்தாறு.

அவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பெரியவர் வீட்டு எண்ணை அடித்தாள். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. ஃபோனுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு அந்த மனிதர் உட்கார்ந்திருப்பது அவளுக்குக் கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிந்தது. எடுக்காதே என்று சொன்னவளும் அவள்தான், எடு எடு என்று துடிக்கிறவளும் அவள்தான். முக்கால் நிமிடத்தில் மணி தானாக அறுந்தது.

கணக்கில் பதிவாகியிருந்த மொபைல் எண் மருமகளுடையது. அடித்தாள். இரண்டாவது மணியிலேயே மருமகள் வெட்டிவிட்டாள். மறுபடி அடித்தாள். மறுபடி வெட்டினாள். அவள்மேல் தப்பில்லை. கம்பெனி எண்ணைப் பார்த்தால், புது பிளான் வாங்கிக்கோங்க என்று கழுத்தறுக்கப் போகிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. பதினஞ்சு நிமிஷம் ஆகுமாம்" என்றான் ஸ்டாப்வாட்ச். முதன்முறையாக அவன் கையில் இருந்த நேரம் யாருக்கும் உதவாத நேரமாக இருந்தது. பத்து நாற்பத்தெட்டு. மிஷின் நின்று ஆறு நிமிடம். போன மாதம் ஐந்து நிமிடத்துக்கே உதடு நீலமானது என்று அவர் சொன்னது அவள் காதை விட்டுப் போகவில்லை.

மறுபடி பெரியவர் வீடு. மணி. மணி. மணி. "எடுங்க, எடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும் எடுங்க" என்று அவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து நின்றார்கள். முக்கால் நிமிடம் முடிந்து லைன் அறுந்தது. மூச்சுவிடாமல் மறுபடி அடித்தாள்.

அவள் நம்பியிருந்தது ஒரே ஒரு விஷயத்தைத்தான். மோடம் சாகவில்லை, அதனால் அந்த வீட்டில் மணி அடிக்கிறது. காதில் கருவி இல்லாத மனிதருக்கே கேட்கிற மாதிரி மணியைக் கூட்டி வைத்திருப்பார்கள். அவர் எடுக்காவிட்டாலும் போகட்டும், உள்ளே தூங்குகிறவள் விழித்துக்கொண்டால் போதும்.

பதினோராவது மணியில் ரிசீவர் தூக்கப்பட்டது.

"யாரும்மா அது, பத்து நிமிஷம் ஆகலையே! நீதான் எடுக்காதேன்னே. இவளானா உள்ளேயிருந்து டம்ளரைத் தூக்கி எறியுறா. ஃபோன் சத்தத்துல தூக்கம் கெட்டுடுச்சுன்னு கோவம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டேங்குறா..."

"ஐயா! அது கோவம் இல்லை! சுவிட்சைப் போடுங்க!"

"என்னது?"

"சுவிட்ச்! மூணாவது சுவிட்ச்! போடுங்க! மிஷின் நின்னுபோச்சு! அவங்களால மூச்சுவிட முடியலை!"

அந்த மாடி முழுக்கக் கேட்டிருக்கும். பெரியவருக்கும் கேட்டது. ரிசீவர் எதிலோ மோதித் தொங்கியது. இந்த முறை செருப்பு தேயவில்லை, ஓடியது.

சொடுக்கு.

ஒன்றும் கேட்கவில்லை. செம்பக்கா ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். நீளமாக ஒரு பீப். அதற்குப் பிறகு எதுவோ உறுமியது, தயங்கியது. மறுபடி உறுமியது.

புஸ்... டக்.

புஸ்... டக்.

பன்னிரண்டு வருடத்தில் ஒரு இரைச்சலுக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை. தூரத்தில் பெரியவர் ஏதோ சொல்லிச் சொல்லி அழுவதும் கேட்டது. என்ன சொன்னார் என்று புரியவில்லை. புரிந்துகொள்ள அவள் முயலவும் இல்லை, அது அவர்கள் இரண்டு பேருடையது.

ஐந்து நிமிடம் கழித்து ரிசீவர் எடுக்கப்பட்டது. குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"இருக்காம்மா. உதடு நிறம் திரும்புது. நான் என்ன பாவம் பண்ணினேன்! மோடம்னுதானே எழுதியிருந்துச்சு..."

விஷயம் சின்னதுதான். பழைய செம்பு மோடத்துக்கு இருந்த சுவிட்ச் அது. பலகையில் அதுதான் கனமான பிளக் தாங்குகிற சுவிட்ச் என்பதால், புது மோடம் வந்தபோது உள் அறை ஆக்சிஜன் மிஷினின் ஒயரை இழுத்து அதில் மாட்டினார்கள். புது மோடத்தை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். சீட்டை மட்டும் யாரும் நகர்த்தவில்லை.

"பாவம் பண்ணினது நீங்க இல்லை ஐயா, நான். உங்களை எதையும் தொடச் சொல்லாமலே இங்கேயிருந்தே சரி பண்ணியிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சும் மறந்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவருக்குக் காது கேட்கவில்லையோ என்று மறுபடி கத்தப்போனாள்.

"கேட்டுச்சும்மா" என்றார் அவர். "கருவியை மாட்டிக்கிட்டுத்தான் பேசுறேன். விசிலடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். இனிமே கழட்டமாட்டேன்."

"ஆம்புலன்ஸ் வரும். அவங்க ஒருதடவை பார்த்துட்டுப் போகட்டும். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. மூணாவது சுவிட்ச் மேல இருக்கிற சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுங்க. வேற ஒண்ணு எழுதி ஒட்டுங்க."

"என்னன்னு எழுத? ஆக்சிஜன்னா?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மிஷின் ஒரு தடவை புஸ் என்றது. "என்... பேரை... எழுதுங்க. அப்பத்தான்... தொட... பயப்படுவீங்க."

பெரியவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

பதினோரு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. "ஐயா, இப்ப நான் மோடத்தை..." என்று ஆரம்பித்தவள் அந்த வார்த்தையை விழுங்கினாள். "இப்ப நான் இங்கேயிருந்தே நெட்டைச் சரி பண்ணுறேன். நீங்க எதையும் தொடவேண்டாம். இந்த ஃபோன் கட்டாகும், பயப்படாதீங்க. ரெண்டு நிமிஷத்துல நானே கூப்பிடுவேன். மணி அடிச்சா உடனே எடுங்க."

"உடனே எடுக்கட்டுமா?"

"உடனே எடுங்க."

பட்டனை அழுத்தினாள். அவர் குரலும் புஸ்... டக்கும் ஒன்றாக அறுந்தன. பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. அது நியாயமான மௌனம்தான், வேலை தெரிந்தவளுக்கு அது தெரியும். இருந்தாலும் அவள் அந்தப் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காத்திருக்கும் அழைப்புகள் திரையில் பதினெட்டு, இருபத்தொன்று என்று ஏறின. ஸ்டாப்வாட்ச் தன் நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டுப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

புள்ளி பச்சையானது. பேச்சு வரிசை திறந்தது. நெட் வரிசையும் திறந்தது. அவள் எண்ணை அடித்தாள்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை.

"எழுதிட்டேன்மா" என்றார் அவர்.

பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.